பாட்டுக்காரர் போன பிறகு

மலையடிவார மேடைகள்: பகுதி 9

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டிப் பூப்பாறைக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஆனையிறங்கல் அணைநீரைப் பார்த்தபடி போனால் சின்னக்கானல், பெரியகானல். அதற்கும் அப்பால் தேவிகுளம், மூணாறு. இன்று இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால் ரிசார்ட்டுகளும் அரிக்கொம்பன் யானையும்தான் ஞாபகத்துக்கு வரும். 1958 இல் நாடு முழுவதும் இந்த மலையைத் திரும்பிப் பார்க்கவைத்தது ஓர் இடைத்தேர்தல்.

கேரள மாநிலம் பிறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1957 இல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் 126 இடங்களில் 60 இடங்களைக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. சுயேச்சைகள் ஐந்து பேரின் ஆதரவோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். ஒவ்வோர் இடமும் தங்கத்துக்குச் சமம் என்ற நிலையில், தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிராளி ஒருவரின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்பதே காரணம். மறுபடியும் வாக்குக் கேட்க வேண்டும். வாக்காளர்கள் யார்? தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழர்கள் பெரும்பங்கு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் கட்சி நடத்திய போராட்டத்தின் சூடு ஆறாத காலம் அது. இந்த வாக்காளர்களிடம் மலையாளத்தில் பேசி என்ன பயன்? கம்யூனிஸ்ட் கட்சி மலைக்குக் கீழே ஆள் அனுப்பியது. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் தம் குழுவோடு மேலே வந்தார்.

இந்தத் தொடரில் இதுவரை குழுக்கள் எப்படிச் சேர்ந்தன, எப்படி வளர்ந்தன என்று பார்த்தோம். இந்தப் பகுதி முன்னால் நின்று பாடியவர் இல்லாமல் போன பிறகு பின்னால் நின்றவர்கள் என்ன வாசித்தார்கள் என்பது பற்றியது. கதை பாவலரிடம் தொடங்கி மான்செஸ்டர், கொச்சி, டெல்லி என்று போகும். பாவலர் குழுவை ராக் இசைக்குழுக்களோடு ஒரே பகுதியில் வைப்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். அமைப்பைக் கவனித்தால் அப்படித் தோன்றாது. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் ஆர்கெஸ்ட்ராவில் எஸ்.பி.பி. குரலில் பாடுகிறவர் காய்ச்சலில் படுத்தால், தேனியிலிருந்தோ போடியிலிருந்தோ இன்னொருவரை அன்று மாலைக்குள் பிடித்துவிடலாம். பாட்டு சினிமாவுடையது, யார் பாடினாலும் கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டு. ராக் குழு அப்படி இல்லை. நாலைந்து பேர், அவர்களே எழுதிய சொற்கள், அவர்களே தேடிக் கண்ட ஓசை, அதற்கு ஒரே முகம், ஒரே குரல். பாவலர் குழுவும் அப்படித்தான். மெட்டு பல நேரம் ஊரறிந்த சினிமா மெட்டாக இருக்கும், ஆனால் அதில் ஏறிய சொல் பாவலருடையது. கூட்டம் வந்தது அந்தச் சொல்லுக்கும் அதைச் சொன்ன தொண்டைக்கும்.

அவர் செய்த வேலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டைக் கட்டுவார். எந்த மெட்டில் ஏற்றினால் காதில் ஒட்டும் என்று முடிவு செய்வார். ஆர்மோனியத்தோடு பாடுவார். பாட்டுக்கு நடுவே எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்து பேசுவார். எந்த ஊரில் எத்தனை மணிக்கு மேடை, யார் வண்டி, சாப்பாடு யார் வீட்டில் என்பதும் அவர் தலையில்தான். உடன் வாசித்தவர்கள் தம்பிகள்: பாஸ்கர், ராசையா, அமர்சிங். தேவிகுளம் பிரசாரத்தில் பாடியபோது ராசையாவுக்கு வயது பதினைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாகக் கட்சித் தோழர்களும் அந்தக் குடும்பத்தாரும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். தேர்தல் வெற்றிகளுக்கு எத்தனையோ காரணம் இருக்கும். ஒரு முதலமைச்சர் ஒரு பாட்டுக்காரரின் பெயரை எடுத்தார் என்பதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

அண்ணன் தம் ஆர்மோனியத்தைத் தம்பிகளைத் தொடவிட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ராசையா வாசித்துப் பழகினார். பத்தாண்டு அந்தக் குழுவோடு தென்னாடு முழுக்கச் சுற்றினார். 1964 இல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்தார். அதுதான் அவருடைய முதல் இசையமைப்பு என்பார்கள். குழுவுக்குள்ளேயே, அண்ணனின் குரலுக்குப் பின்னால், வேறொரு வேலை ஓசையில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

1968 வாக்கில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மற்ற குழுக்களில் பாடகர் பிரிவார், அல்லது சாவார், மிச்சமிருப்பவர்கள் திகைத்து நிற்பார்கள். இங்கே வாசிக்கிறவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள். பாடகர் ஊரில் இருந்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், நாடக மேடைகள், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, சலீல் சௌத்ரிக்குக் கிடார் வாசிப்பு என்று வருடங்கள் ஓடின. 1973 இல் பாவலர் காலமானார். 1976 இல் 'அன்னக்கிளி' வந்தது.

'அன்னக்கிளி'யில் ஒலித்த குரல் எஸ். ஜானகியுடையது. பாவலரைப் போல ஒருவரை அவர்கள் தேடவில்லை. அண்ணன் ஒருவர் தனியாகச் சுமந்த வேலைகளைத் தம்பிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மெட்டு ராசையா என்ற இளையராஜாவுக்கு. சொல் அமர்சிங் என்ற கங்கை அமரனுக்கு. '16 வயதினிலே' படத்தில் ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டை எழுதியவர் அவர்தான். வண்டி, சாப்பாடு, பணம் என்ற நிர்வாகம் பாஸ்கருக்கு; 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்ற பெயரில் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'ராஜாதி ராஜா' (1989) போன்ற படங்களைத் தயாரித்தது அந்த வேலையின் தொடர்ச்சிதான். முன்குரல் என்ற இடத்தை மட்டும் யாரும் நிரப்பவில்லை. அது திறந்தே இருந்தது. ஜானகி வந்து பாடினார், எஸ்.பி.பி. பாடினார், மலேசியா வாசுதேவன் பாடினார், யேசுதாஸ் பாடினார், வேண்டிய இடத்தில் இளையராஜா தாமே பாடிக்கொண்டார். யார் வந்து நின்றாலும் பாட்டு இளையராஜா பாட்டாகவே கேட்கும். குரலுக்குப் பின்னால் பத்தாண்டு வாசித்தவருக்குத்தான் இப்படிக் கட்டத் தெரியும் என்பது என் எண்ணம். 1985 இல் மணிரத்னம் இயக்கிய 'இதயகோவில்' படத்துக்குப் பாவலர் எழுதிய பாட்டொன்றை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பாடியவர் எஸ்.பி.பி. எழுதியவர் இறந்து 12 வருடம் ஆகியிருந்தது.

பாடகர் என்றால் குரல் என்றுதான் நாம் நினைக்கிறோம். குரல் போன குழுக்களின் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஆள் குரலைத் தவிர வேறு என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் இழப்பின் அளவும், அதற்குப் பிறகு வந்த இசையின் தன்மையும் அமைகின்றன.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி இங்கிலாந்தின் 'ஜாய் டிவிஷன்'. மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த தறுவாயில், தற்கொலை செய்துகொண்டார். யார் விலகினாலும் பெயரைக் கைவிடுவது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள், பெயரை விட்டார்கள். மற்ற மூவரும் 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கர்ட்டிஸ் குழுவில் செய்த இன்னொரு வேலை அவர் போன பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. ஒத்திகையில் எல்லோரும் மனம்போல வாசித்துக்கொண்டிருக்கும்போது, "இப்போது வாசித்தாயே, அது நன்றாக இருக்கிறது, அதையே பிடி" என்று சொல்லும் காது அவருடையது. பேஸ் கிடார் வாசித்த பீட்டர் ஹுக் பிற்பாடு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் காதும் இல்லை, பாட்டு எழுதும் கையும் இல்லை.

அவர் விட்டுச்சென்ற கடைசிப் பாட்டுகளில் ஒன்றைப் பதிவு செய்ய முயன்றபோது சொற்களே கிடைக்கவில்லை. ஒத்திகை நாடாவில் மங்கலாகக் கேட்ட குரலை ஈக்வலைசரில் தீட்டித் தீட்டி, என்ன பாடுகிறார் என்று ஊகித்து எழுதினார்கள். பிறகு யார் பாடுவது? மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் கிடார்க்காரர் பெர்னார்ட் சம்னர் மாட்டிக்கொண்டார். அவருக்குப் பாடிக்கொண்டே கிடார் வாசிக்க வராது. பாடும்போது கிடார் நின்றுவிடும். அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைக்க வேண்டும். 1980 கடைசியில் கில்லியன் கில்பர்ட் கீபோர்டோடு சேர்ந்தார்; சிந்தசைசரும் சீக்வென்சரும் உள்ளே வந்தன. 1981 இல் வந்த முதல் ஆல்பத்தில் செத்தவரின் நிழல் இன்னும் விலகவில்லை. சம்னரும் ஹுக்கும் கர்ட்டிஸ் மாதிரியே பாட முயன்று தடுமாறுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து, 1983 இல், 'ப்ளூ மண்டே' வந்தபோது நிழல் போயிருந்தது. இயந்திரத் தாளம், அதன் மேல் எந்தப் பாவனையும் இல்லாத சாதாரணக் குரல். நடன அரங்குகளில் உலகம் முழுவதும் ஓடிய இசைத்தட்டு அது. ஒரு நல்ல பாடகர் கிடைத்திருந்தால் அவர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். பாடத் தெரியாதவர் பாடியதால்தான் இசை மாறியது.

'ஜெனசிஸ்' குழுவில் 1975 இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோதும் ஏறக்குறைய இதேதான். நிறையப் பேரைப் பாடவைத்துப் பார்த்தார்கள், ஒருவரும் ஒத்துவரவில்லை. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்தார். அப்படியானால் மேடையில் டிரம்ஸ் யார் வாசிப்பது? பாடகருக்குப் பதில் டிரம்ஸ்காரரை வாடகைக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று. காலின்ஸ் பிற்பாடு எவ்வளவு பெரிய பாடகர் ஆனார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியிலிருந்து ஆள் பிடித்து வென்றவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் 'ஏசி/டிசி' பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். ஜூலை 25 அன்று அடுத்த ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. ஐந்து மாதம்! பிரையன் ஜான்சன் என்ற இங்கிலாந்துக்காரர் பாடினார். கறுப்பு அட்டை, தொடக்கத்தில் மணியோசை, துக்கம் அவ்வளவுதான். 'பேக் இன் பிளாக்' இன்றுவரை உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. இது அவர்களுக்கு ஏன் முடிந்தது என்றால், குழுவின் முதுகெலும்பு யங் சகோதரர்களின் கிடார். ஸ்காட் அதன் மேல் நின்றார். இன்னொருவரும் நிற்கலாம். 'டோர்ஸ்' குழுவுக்கு அது முடியவில்லை. 1971 ஜூலையில் ஜிம் மோரிசன் இறந்ததும் கீபோர்டு வாசித்த மன்சாரெக்கும் கிடார் வாசித்த கிரீகரும் பாடினார்கள். இரண்டு ஆல்பம் போட்டார்கள். 1973 இல் கலைத்துவிட்டார்கள். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. மோரிசன் இருந்தபோது அந்த இசை கேட்பவனைப் பயமுறுத்தியது. பிறகு அது வெறுமனே நன்றாக இருந்தது. 1978 இல் மறுபடி கூடி, மோரிசன் முன்பு கவிதை வாசித்துப் பதிந்து வைத்திருந்த நாடாக்களுக்குப் பின்னணி வாசித்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அதில்தான் அவர்கள் நிம்மதியாக வாசிப்பதுபோல் எனக்குக் கேட்கிறது.

'குயின்' குழுவும் அப்படி ஒன்று செய்தது. ஃபிரெட்டி மெர்குரி 1991 நவம்பர் 24 அன்று இறப்பதற்கு முன் பாடி வைத்துவிட்டுப் போன துண்டுகளைச் சுற்றி மற்ற மூவரும் இசையைக் கட்டி 1995 இல் 'மேட் இன் ஹெவன்' வெளியிட்டார்கள். பேஸ் கிடார் வாசித்த ஜான் டீக்கன் சில வருடங்களில் இசையை விட்டே ஒதுங்கிவிட்டார். மற்ற இருவரும் வேறு பாடகர்களோடு இன்றும் மேடை ஏறுகிறார்கள். இடையில் ஒரு தகவல்: ஃபரூக் பல்சாரா என்ற இயற்பெயருடன் மெர்குரி மகாராஷ்டிரத்து மலையூரான பஞ்சகனியில், புனித பீட்டர் பள்ளி விடுதியில் படித்தபோது 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு இருந்தது. அதில் அவர் பியானோதான் வாசித்தார். முன்னால் நின்று பாடியவர் வேறொரு மாணவர்.

அக்கம்பக்கத்து நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. இலங்கையின் 'ஜிப்சீஸ்' 1969 இல் தொடங்கிய குடும்பக் குழு. சுனில் பெரேரா 2021 செப்டம்பர் 6 அன்று கொரோனாவுக்குப் பலியானார். தம்பி பியல் முன்னால் வந்து நின்றார். அண்ணன் தம்பி குரலில் ஒரு சாயல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! பங்களாதேஷில் 'எல்.ஆர்.பி.' குழுவின் அய்யூப் பச்சு 2018 அக்டோபரில் இறந்த பிறகு மிச்சமிருந்தவர்கள் பாலம் என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று பச்சுவின் குடும்பத்தோடு தகராறு வந்து, வேறு பெயருக்கு மாற வேண்டியதாயிற்று. நம் சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறையடிப்பவர்கள். மைக் கை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே 'முன்குரல்' என்று ஒருவரைச் சுட்டவே முடியாது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அது ஒரு காப்பீடு.

தொடக்கத்தில் நாம் ஏறிய அதே தேசிய நெடுஞ்சாலை சின்னக்கானலிலிருந்து மேற்கே கொச்சியில் போய் முடிகிறது. கேரளத்து ராக் இசையின் தலைநகர் அதுதான். 1996 இல் அங்கே தொடங்கிய 'மதர்ஜேன்' ஆங்கிலத்தில் பாடிய குழு, ஆனால் பைஜு தர்மராஜனின் கிடாரில் கமகம் கேட்கும். செண்டை மேளத்தின் அடியில் வளர்ந்த காது அது. 2008 இல் வந்த 'மக்தூப்' ஆல்பம் இந்திய ராக் இசையின் முக்கியமான பதிவுகளில் ஒன்று. 2010 இல் பைஜு விலகினார். 2012 இல் பாடகர் சூரஜ் மணி விலகினார். குழு வேறு பாடகர்களை வைத்துத் தொடர்ந்தது. சூரஜுக்கு வேறு குழு, பைஜுவுக்கு வேறு குழு. மூன்றிலும் நல்ல பாட்டுகள் உண்டு. 'மக்தூப்' மூன்றிலும் இல்லை. முதலில் போனது கிடார் என்பதை மறந்துவிடக் கூடாது.

'அவியல்' கதை இதற்கு நேர்மாறு. மலையாளத்திலேயே ராக் பாடுவோம் என்று 2003 வாக்கில் டோனி ஜானும் ரெக்ஸ் விஜயனும் ஆரம்பித்தது. ரெக்ஸ் முன்பு மதர்ஜேனில் கிடார் வாசித்தவர். முதலில் பாடியவர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால். முதல் பாட்டு கேரளம் முழுக்கப் பரவியபோது அவர் குரல்தான் அவியல். ஆல்பம் வருவதற்குள் அவர் விலகிவிட்டார். டோனி ஜான் அதுவரை இசைத்தட்டுகளைச் சுழற்றும் டர்ன்டேபிள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மைக்கைப் பிடித்தார். பாட்டாகப் பாடுவதைவிட ஓதுவதுபோலவும் கத்துவதுபோலவும் இருக்கும் அவர் முறை. பழைய நாட்டுப்புறச் சொற்களுக்கு அது பொருந்தியது. 2008 இல் வந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றவே இல்லை. அந்தக் குரலைச் சுற்றி ரெக்ஸின் கிடார் விரிந்துகொண்டது. 2011 இல் 'சாப்பா குரிசு', 2013 இல் 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி' என்று ரெக்ஸ் சினிமாவுக்குப் போனார். கேரளத்துச் சினிமாவில் அந்தப் பத்தாண்டில் புகுந்த கிடார் ஓசையின் பெரும்பகுதி இப்படிக் குழுக்களிலிருந்து வழிந்து வந்ததுதான். வாசிப்பவர் இசையமைப்பாளராகி, குரலுக்கு யாரை வேண்டுமானாலும் அழைக்கும் வழி. பண்ணைப்புரத்துத் தம்பிகள் போன அதே வழி.

டெல்லி 'இந்தியன் ஓஷன்' குழுவைக் கடைசியாக வைத்தேன். அவர்களிடம் கேரளத்துச் சரக்கு ஒன்று உண்டு. 2000 இல் வந்த 'கந்தீசா' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, மார்த்தோமா கிறித்தவர்கள் நூற்றாண்டுகளாகக் கேரளத் தேவாலயங்களில் பாடிவரும் சுரியானி மொழித் துதி. டெல்லிக்காரர்கள் அதை எடுத்து, பல குரல் சேர்த்துப் பாடி, இந்தியா முழுக்கக் கொண்டுபோனார்கள். கோட்டயத்திலும் சங்ஙனாசேரியிலும் பாட்டிமார் முணுமுணுத்த பாட்டு பொறியியல் கல்லூரி விழாக்களில் முழங்கியது.

குழு 1990 இல் உருவானது. சுஷ்மித் சென் கிடார். அசீம் சக்ரவர்த்தி தபேலாவும் குரலும். பிறகு பேஸ் கிடாரோடு ராகுல் ராம், டிரம்ஸோடு அமித் கிலாம். ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அங்கிருந்தும் பாட்டு வந்தது. கரோல்பாக்கில் ஒரு பழைய பங்களா, கஜூர் ரோடு 16/330, அவர்களுடைய ஒத்திகை இடம். அசீம் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தபேலாவை வாசித்துக்கொண்டே பாடுவார். இது சாதாரணக் காரியம் இல்லை. தாளத்தைப் பிடிக்கிற கைக்கும் பாடுகிற மூச்சுக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்றால், பாட்டு எங்கே நிற்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பதை அவர் உடம்பே முடிவு செய்துவிடும். மற்ற மூவரும் அந்த உடம்பைப் பார்த்து வாசித்தார்கள்.

2009 இல் தோஹா போன இடத்தில் அசீமுக்கு மாரடைப்பு. டிசம்பர் 25 அன்று இறந்தார். அவர் பாடி முடித்திருந்த ஆல்பம் ஒன்று கையில் இருந்தது. அதை என்ன செய்தார்கள்? கம்பெனியிடம் விற்கவில்லை. 2010 இல் மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். ஆல்பத்தின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. ஜெய்தீப் வர்மா அந்தக் குழுவைப் பற்றி எடுத்த 'லீவிங் ஹோம்' ஆவணப்படமும் அதே வருடம் திரையரங்குகளில் ஓடியது, தேசிய விருதும் பெற்றது. படத்தில் அசீம் உயிரோடு இருக்கிறார், சிரிக்கிறார், தபேலா தட்டுகிறார். வெளியே குழு அவர் இல்லாத மேடையில் நின்றுகொண்டிருந்தது.

அசீமின் இடத்துக்கு ஒருவரைத் தேடுவதில் பொருளில்லை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. இரண்டு பேரைச் சேர்த்தார்கள்: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபேலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. கையும் மூச்சும் இரண்டு உடம்புகளுக்குப் பிரிந்தன. பழைய பாட்டுகளை அதன் பிறகு மேடையில் கேட்டால் வித்தியாசம் தெரியும். முன்பு குரல் தாளத்துக்குள் சாய்ந்து கிடக்கும். இப்போது தாளத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. தபேலாவுக்கும் விடுதலை கிடைத்தது. பாட வேண்டிய பொறுப்பு இல்லாத கை இன்னும் வேகமாகப் பேசுகிறது. ராகுல் ராமும் முன்னைவிட அதிகம் பாடினார், அதிகம் பேசினார். பாட்டுக்கு நடுவே அவர் கதை சொல்வதையும் கிண்டலடிப்பதையும் பார்க்கும்போது பாவலரின் கட்சி மேடைகள் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பங்கீட்டை ரசிகர்கள் ஒப்புக்கொண்டார்கள். குழு பிழைத்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 2013 இல், சுஷ்மித் சென் விலகினார். எனக்கென்னவோ இந்த இரண்டாவது பிரிவுதான் பெரிய பிரிவு என்று படுகிறது. பாடகர் இறந்தபோது நாடே அழுதது. கிடார்க்காரர் விலகியது செய்தித்தாளில் ஒரு பத்தியாக வந்தது. ஆனால் அந்தக் குழுவின் பாட்டுகளில் குரல் வருவதற்கு முன் நீண்ட நேரம் ஓடும் அந்தக் கிடார், சிதாரும் இல்லாமல் ராக் கிடாரும் இல்லாமல் சலசலக்கும் அந்த ஓசை, அதுதான் கேட்ட மாத்திரத்தில் இது இந்தியன் ஓஷன் என்று சொல்லும். அதை இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ள வழியில்லை. நிகில் ராவ் வந்தார். நல்ல வாசிப்பு, வேறு வாசிப்பு.

2014 இல் வந்த 'தந்தானு' ஆல்பத்தில்தான் சுஷ்மித் கடைசியாக அவர்களோடு வாசித்தார். அதில் குழு இன்னொன்றும் செய்து பார்த்தது: ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தாளி. ஷுபா முட்கல், சங்கர் மகாதேவன், வயலினோடு குமரேஷ், கஞ்சிராவோடு நம்மூர் செல்வகணேஷ். அடுத்த வருடம் 'மசான்' படத்துக்கு இசையமைத்தார்கள். சொற்கள் வருண் குரோவருடையவை. காசியில் நடக்கும் அந்தப் படத்தில் பாட்டுகள் குறைவு, பாடும் குரல்கள் வெவ்வேறு. படம் பார்த்த பலருக்கு இசை யாருடையது என்று தெரியாது. பாட்டு மட்டும் தெரியும்.

(தொடரும்)